பால்ட்வின் நாவலில் இரண்டாம் பாகத்தில் மாட்டிக்கொண்டேன். ஜான் கடைசியில் தப்பித்தானா, சிக்கினானா?

அன்டாப்ஹில் ராஜா (செவ்வாய், இரவு 11.50)

எல்லாருக்கும் வணக்கம். நான் தொலைநிலையில் எம்.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருஷம். பகலில் பிவண்டியில் ஒரு கோடவுனில் பில் போடும் வேலை. கல்யாண் வரை ரயில், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. போக வர நாலு மணி நேரம் போய்விடுகிறது, என் படிப்பு முழுக்க அந்த நாலு மணி நேரத்தில்தான், அதிலும் பாதி நின்றுகொண்டே.

அமெரிக்க இலக்கியத் தாளில் ஜேம்ஸ் பால்ட்வினின் 'கோ டெல் இட் ஆன் த மவுண்டன்' இருக்கிறது. 1953-ல் வந்த நாவல். அசைன்மென்ட் கேள்வி: வறுமை, இறைநம்பிக்கை, இனப்பாகுபாடு மூன்றையும் பேசும் உளவியல் நாவலாக இதை ஆராய்க. இரண்டாயிரம் சொல்லுக்குள் எழுத வேண்டும். இன்னும் பத்து நாள் இருக்கிறது.

முதல் பாகம் சர்ரென்று ஓடியது. 1935 மார்ச், நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழ்கிற ஹார்லெம், ஒரு சனிக்கிழமை. ஜான் கிரைம்ஸுக்கு அன்று 14-வது பிறந்தநாள், காலையில் வீட்டில் யாருக்கும் அது ஞாபகம் இருப்பதாகவே தெரியவில்லை. அந்தப் பையனை எனக்கு உடனே பிடித்துவிட்டது. இரண்டாம் பாகத்தில் மூன்று பேர் சபையில் முழங்கால் போட்டு ஜெபம் பண்ண ஆரம்பிக்கிறார்கள், அவ்வளவுதான், ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் முப்பது வருஷம் பின்னால் போய்விடுகிறது கதை. யார் யாருக்கு யார் என்றே புரியவில்லை. ராய், ராயல் இரண்டும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டு நாற்பது பக்கம் படித்துவிட்டேன், சிரிக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல். கடைசியில் ஜான் சபைத் தரையில் விழுந்து ராத்திரி முழுக்கக் கிடந்து எழுந்திருக்கிறான். ஒரு கைடு அதை விடுதலை என்கிறது. இன்னொரு கைடு, மதம் அவனை விழுங்கிவிட்டது என்கிறது. எதை எழுதினால் மார்க்? எனக்கு பைபிளும் தெரியாது, எங்கள் வீட்டில் சுடலைமாடன்தான். நம்ம ஊர் விஷயம் எதையாவது ஒப்பிட்டு எழுதலாமா என்பதையும் சொல்லுங்கள். படிக்கும்போது ஹார்லெம் மாதிரியே தோன்றவில்லை, எங்கள் சால் (வரிசையாக ஒற்றை அறை வீடுகள்) மாதிரிதான் இருந்தது.

செம்பூர் வாத்தியார் (புதன், காலை 6.15)

தம்பி, ராய்-ராயல் குழப்பம் வந்தது நல்லதுக்குத்தான். அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகலாம்.

முதலில் ஒரு தாளை எடுத்து குடும்ப மரம் போடுங்கள். நடுவில் கேப்ரியேல், ஜான் தன் அப்பா என்று நம்புகிறவர். அவர் அக்கா ஃப்ளாரன்ஸ். முதல் மனைவி டெபோரா, பிள்ளை இல்லை. டெபோராவோடு வாழும்போதே எஸ்தர் என்ற பெண்ணோடு ஒரு தொடர்பு, அதில் பிறந்த மகன் ராயல். பிரசங்கியார் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று அவளை ஊரை விட்டு அனுப்பிவிடுகிறார், டெபோரா சேர்த்து வைத்திருந்த காசைத் திருடிக் கொடுத்து. எஸ்தர் பிரசவத்தில் செத்துப்போகிறாள். பையன் அதே ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்கிறான், கேப்ரியேல் தெருவில் அவனைப் பார்க்கிறார், மகன் என்று சொல்ல முடியாது. பிற்பாடு அவன் சிகாகோவில் கத்திக்குத்தில் சாகிறான். அதற்கு அப்புறம் நியூயார்க்கில் எலிசபெத்தைக் கல்யாணம் பண்ணி அவர் பெற்ற பிள்ளை ராய். தன் வம்சம் ராஜ வம்சமாக வர வேண்டும் என்று ஒரு கனவு அவருக்கு, அதனால்தான் பெயரும் அப்படி. ஜான் எலிசபெத்துக்குக் கல்யாணத்துக்கு முன்பே பிறந்தவன், அவன் அப்பா ரிச்சர்ட்.

இப்போது பாருங்கள். அந்த இரவு சபையில் ஐந்தடி தூரத்தில் எல்லாரும் கிடக்கிறார்கள். ஃப்ளாரன்ஸுக்கு ராயல் விஷயம் தெரியும், டெபோரா முன்னொரு காலத்தில் எழுதிய கடிதம் அவள் கைப்பையில் இருக்கிறது. எலிசபெத்துக்கு ரிச்சர்ட் எப்படிச் செத்தான் என்பது தெரியும். கேப்ரியேலுக்குத் தான் செய்தது தெரியும். ஜானுக்கு ஒன்றுமே தெரியாது. அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும், காரணம் தன் பாவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். எல்லாம் தெரிந்தவர் படிக்கிற நீங்கள் ஒருவர்தான். 'உளவியல் நாவல்' என்ற வார்த்தைக்கு இதை எழுதுங்கள். சனி காலையில் ஆரம்பித்து ஞாயிறு விடியும்போது முடிகிற கதை, ஆனால் அடிமைக் காலம் வரை பின்னால் போகிறது, எல்லாம் ஜெபத்தின் மறைவில்.

பைபிள் ரொம்ப வேண்டாம். லூக்கா முதல் அதிகாரம் மட்டும் தமிழிலேயே படியுங்கள், பத்து நிமிஷம். எலிசபெத்துக்கு யோவான் பிறக்கப்போகிறான் என்று காபிரியேல் தூதன் வந்து சொல்கிறான். காபிரியேல், எலிசபெத்து, யோவான். பால்ட்வின் மூன்று பெயரையும் அப்படியே எடுத்து ஒரே வீட்டில் வைத்துவிட்டார். ஆனால் தூதன் சேதி சொல்ல வந்தவன்தானே, தகப்பன் இல்லையே. ஜானுக்கு யாரும் சொல்லாத ரகசியத்தைப் பெயர்கள் முதல் பக்கத்திலேயே போட்டு உடைத்துவிடுகின்றன.

வறுமை, மதம், இனம் என்று மூன்று உபதலைப்பு போட்டு எழுதிவிடாதீர்கள். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள், திருத்துகிறவருக்கு அலுத்துப்போயிருக்கும். கம்பளத்தைக் கூட்டுகிற காட்சியை எடுங்கள். பிறந்தநாள் அன்று முன்னறைக் கம்பளத்தைக் கூட்டச் சொல்கிறாள் அம்மா. கூட்டக் கூட்டப் புழுதி எழும்பி மறுபடி அதிலேயே உட்காருகிறது. பழைய கம்பளம், புதிதாக வாங்க வழியில்லை, அது வறுமை. அப்பா வருவதற்குள் வீடு சுத்தமாக இருக்க வேண்டும், உள்ளம் மாதிரி, அது மதம். எத்தனை பாடுபட்டாலும் இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்கிற புழுதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் அது ஹார்லெமுக்கு வெளியே போகும். ஒரே விளக்குமாறு. இதை எப்படி மூன்றாகப் பிரிப்பீர்கள்?

நேரடி நாகு (புதன், காலை 9.40)

வாத்தியார் சார் நல்லா எழுதியிருக்கிறார், ஆனால் சுற்றி வளைக்கிறார். விஷயம் ரொம்ப நேரடியானது. ஏழைகளை, அதுவும் அடிமைப்படுத்தப்பட்டவர்களை, அடக்கி வைக்க மதம். வெள்ளைக்காரனை எதிர்க்க வேண்டிய கோபத்தை எல்லாம் கேப்ரியேல் பெஞ்சாதி பிள்ளைகள் மேல் காட்டுகிறார். ராய் வெள்ளைப் பையன்களோடு சண்டைக்குப் போய்க் கண்ணுக்கு மேலே வெட்டு வாங்கி வருகிறான். அவர் வந்தவுடன் என்ன பண்ணுகிறார்? எலிசபெத்தை அறைகிறார், திட்டின ராயைப் பெல்ட்டால் வெளுக்கிறார். வெட்டினவனிடம் போனாரா? அன்று ராத்திரியே சபைக்குப் போய் முழங்கால் போடுகிறார். பிரசங்கம் பண்ணிக்கொண்டே எஸ்தர் வாழ்க்கையை நாசம் பண்ணின ஆள்.

பால்ட்வினே 14 வயதில் பிரசங்கியார் ஆகி 17 வயதில் அதை உதறிவிட்டு வெளியே வந்தவர். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஜான் சிக்கினான், அவ்வளவுதான். இதை எழுது, மார்க் வரும்.

அப்புறம் நம்ம ஊர் சமாச்சாரத்தை எல்லாம் கலக்காதே. நிறம் வேறு, சாதி வேறு. கலந்தால் இரண்டும் நீர்த்துப்போகும்.

சலோமி_90அடி (புதன், இரவு 10.20)

ராஜா தம்பி, நாகு அண்ணன் சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கோபம் இல்லை. பாதி சரி. மீதிப் பாதி உள்ளே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் பாஸ்டர் மகள். எங்கள் சபை தாராவியில் ஒரு சந்துக்குள், கீழே தோல் பை தைக்கிற பட்டறை, மேலே பத்துக்குப் பன்னிரண்டு அறை. அப்பா வாரத்தில் ஆறு நாள் வேறு வேலைக்குப் போய்விட்டு மீதி நேரத்தில் ஊழியம். சனிக்கிழமை சாயங்காலம் அந்த அறையைக் கூட்டிப் பாய் விரிப்பது என் வேலை. கீழேயிருந்து பசை வாடை ஏறிக்கொண்டே இருக்கும், யார் காலிலோ ஒட்டி வந்த தோல் துணுக்கு பாயின் ஓலைக்குள் செருகிக்கொள்ளும், அதை நகத்தால்தான் எடுக்க வேண்டும். ஜானும், அவனைவிட மூத்த சபைப் பையன் எலைஷாவும் சனிக்கிழமை சபையைத் துடைத்துப் பெருக்குகிற இடம் வந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நாவலில் அந்த இரவு நடப்பது என்ன என்று கைடுகளில் சரியாக இருக்காது. நம் பெந்தேகொஸ்தே சபைகளில் காத்திருப்புக் கூட்டம் என்போமே, அதுதான். ஆவியானவர் இறங்கும்வரை காத்திருப்பது. விடியும்வரைகூட ஆகும். சுற்றி நிற்கிறவர்கள் பாடுவார்கள், கை தட்டுவார்கள், விழுந்து கிடக்கிறவனை விட்டுப் போகமாட்டார்கள். ஜானுக்கு வயது 14. எனக்கு 15-ல் நடந்தது. பாஸ்டர் மகளுக்கு இன்னும் அபிஷேகம் இல்லையா என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அம்மாவுக்கு முகம் காட்ட முடியவில்லை. ஒரு ராத்திரி நான் அந்நிய பாஷை பேசினேன், ஆவி இறங்கினதற்கு அடையாளமாக வருகிற புரியாத மொழி. பேசினேனா, பேசுகிற மாதிரி வாயை அசைத்தேனா, அசைத்துக்கொண்டே இருக்கும்போது நிஜமாகவே ஏதோ வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லாரும் அழுதார்கள். அப்பா தலையில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் மட்டும் உறுதியாக ஞாபகம் இருக்கிறது.

ஜான் எழுந்திருக்கும்போது அவன் அப்பா சிரிக்கவில்லை. அதைக் கவனித்தீர்களா? சபை முழுக்கச் சந்தோஷப்படுகிறது, எலைஷா நெற்றியில் முத்தம் கொடுக்கிறான், இவன் சிரித்த முகத்தோடு அப்பா பக்கம் திரும்புகிறான். அவர் முகம் மாறவில்லை. பால்ட்வின் நாவலை அங்கே விட்டுவிடுகிறார். நான் இந்தக் கதையை வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அந்தப் பையன் தரையில் கிடக்கும்போது தகப்பன் எங்கே இருந்தான் என்று கேட்டார். பக்கத்தில்தான் நின்றான் என்றேன். தொட்டானா என்றார். இல்லை என்றேன். அப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை, மாத்திரை எங்கே என்று தேடப் போய்விட்டார்.

மூன்றாம் பாகத்தின் தலைப்பைத் தமிழில் யோசியுங்கள். ஆங்கிலத்தில் 'திரெஷிங் ஃப்ளோர்', அகராதி பார்த்துத்தான் நிறையப் பேருக்குப் புரியும். நமக்குக் களம். நெல் அடித்துத் தூற்றுகிற களம். மத்தேயு மூன்றாம் அதிகாரத்தில் தூற்றுக்கூடை, களம், பதர் எல்லாம் வருகிறது. சொல்கிறவர் யார்? யோவான் ஸ்நானகன். ஜானின் பெயர்க்காரர். அதற்கு முந்தைய வசனத்தில் அக்கினி ஞானஸ்நானம், நாவலில் அந்தச் சபையின் பெயரே 'டெம்பிள் ஆஃப் த ஃபயர் பாப்டைஸ்டு'. களத்தில் மாடு மிதித்து, அடித்து, தூற்றினால்தான் மணி வேறு பதர் வேறு ஆகும். ஊரில் எங்கள் பாட்டி முறத்தில் புடைக்கும்போது பார்த்திருக்கிறேன், காற்று இல்லாவிட்டால் பதர் திரும்பி வந்து மணி மேலேயே விழும். ஜான் விஷயத்தில் காற்று அடித்ததா இல்லையா என்பதுதான் உங்கள் கேள்வி, ராஜா.

நாகு அண்ணனுக்கு ஒன்று. வாரம் முழுக்க பாந்த்ரா பக்கம் பாத்திரம் கழுவுகிற அக்காவை அந்த வீடுகளில் 'பாயி' என்பார்கள், பெயர் கேட்டிருக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறையில் அவர் சிஸ்டர் மேரி. சாட்சி சொல்ல எழுந்து நின்றால் ஐம்பது பேர் வாயை மூடிக் கேட்பார்கள். நாவலில் சபையார் ஒருவரையொருவர் 'செயின்ட்' என்கிறார்களே, பரிசுத்தவான் என்று, வெளியே அவர்களை வயது வித்தியாசம் இல்லாமல் 'பாய்', அதாவது பையா, என்று கூப்பிட்ட நாட்டில். அடக்கி வைக்க மட்டும் அந்த அறை இருந்திருந்தால் யாரும் மாடிப்படி ஏறியிருக்க மாட்டார்கள்.

நேரடி நாகு (வியாழன், காலை 8.05)

சலோமி தங்கச்சி, அந்த 'பாயி' விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் அம்மாவையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஆனால் ரிச்சர்டை யாரும் பேசவில்லை. எனக்கு அந்த நாவலில் அவன்தான் முக்கியம். ஹோட்டல் லிஃப்ட்டில் வேலை பார்க்கிறவன், யாரும் சொல்லித்தராமல் தானாகவே புத்தகம், மியூசியம் என்று அலைகிறவன், சாமி பக்கமே போகாதவன். சுரங்க ரயில் பிளாட்பாரத்தில் நிற்கும்போது திருடிவிட்டு ஓடி வந்த வேறு பையன்கள் பக்கத்தில் வந்து நின்றதற்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. கடைக்காரன் எல்லாரும் ஒரே மாதிரிதான் என்று இவனையும் கை காட்டுகிறான். அடி. அப்புறம் கோர்ட்டில் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து அன்று ராத்திரியே உயிரை விட்டுவிடுகிறான். எலிசபெத் வயிற்றில் குழந்தை இருப்பதை அவனிடம் சொல்லவே இல்லை.

சாமி கும்பிட்ட கேப்ரியேல் உயிரோடு இருக்கிறார், கும்பிடாத ரிச்சர்ட் செத்துவிட்டான். இதைப் பார்த்தால் நான் சொன்னதற்கு எதிராகப் போகிறதே என்று நேற்று ராத்திரி தோன்றியது. மதம் அடக்கி வைத்ததோ இல்லையோ, உயிரைப் பிடித்து வைத்தது என்று ஆகிறது. பிடிக்கவில்லை, ஆனால் அப்படித்தான் வருகிறது.

முலுண்ட் வசந்தி (வியாழன், மதியம் 2.30)

இத்தனை பேர் எழுதியும் ஃப்ளாரன்ஸுக்கு ஒரு வரிதான். கடிதம் வைத்திருந்தாளாம், அதோடு சரி.

அவள் மூத்தவள். படிக்க ஆசைப்பட்டவள் அவள். படிக்கப் போனது தம்பி, அவனுக்குப் பள்ளிக்கூடம் பக்கமே போகப் பிடிக்காது. ஆம்பளைப் பிள்ளை, நாளைக்கு ஏதாவது வேலை பார்க்க வேண்டும் என்றாள் அம்மா. நல்ல துண்டு கறி அவனுக்கு, துணி அவனுக்கு. இதை நான் 1970-களில் விக்ரோலியில் வாழ்ந்திருக்கிறேன், அமெரிக்காவுக்கே போக வேண்டாம். 1900-ல், 26 வயதில், படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை விட்டுவிட்டு நியூயார்க்குக்கு டிக்கெட் எடுக்கிறாள். வேலை பார்த்த வீட்டு வெள்ளைக்காரன் வைப்பாட்டியாக இருக்கச் சொன்ன அன்றே. வகுப்பில் பிள்ளைகள் இவளைக் கல்நெஞ்சக்காரி என்று எழுதுவார்கள், எழுதாதே தம்பி.

இன்னொன்று. அவள் முகத்தை வெளுப்பாக்கக் களிம்பு பூசுகிறவள். கறுப்பு என்றால் அவமானம் என்று அவளுக்குள்ளேயே ஏறிவிட்டது. அவள் புருஷன் ஃப்ராங்க் அதைச் சொல்லிச் சண்டை போடுவான். அவன் வேறு சம்பளக் காசில் வீட்டுக்கு வேண்டாததை எல்லாம் வாங்கி வருகிறவன், வாடகைக்குக் காசு இருக்காது. இனப்பாகுபாடு என்றால் போலீஸ் அடி மட்டும் இல்லை, கண்ணாடி முன்னால் நிற்கிற ஐந்து நிமிஷமும் அதுதான். என் கல்யாணத்துக்கு முன்னால் எத்தனை டியூப் தீர்ந்தது என்று எனக்குத்தான் தெரியும். அந்த கிரீமின் பெயரை 2020-ல் மாற்றிவிட்டார்கள், டியூப் அதேதான்.

அன்டாப்ஹில் ராஜா (வியாழன், இரவு 12.10)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்று ரயிலில் குடும்ப மரம் போட்டேன், பக்கத்தில் நின்றவர் சொத்துத் தகராறா என்று கேட்டார்.

சலோமி அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பதில் எழுதத் தெரியவில்லை. வசந்தி அக்கா, எங்கள் வீட்டில் அக்கா பத்தாவதோடு நின்றாள், நான் எம்.ஏ. படிக்கிறேன். அதை இன்று வரை யோசித்ததில்லை.

எனக்குத் தோன்றியது ஒன்று. ஜான் அம்மா கொடுத்த சில்லறையை எடுத்துக்கொண்டு போகிறானே, சென்ட்ரல் பார்க் மேட்டில் ஏறி முழு நகரத்தையும் பார்த்துவிட்டு, 42-ம் தெரு நூலகத்துக்கு முன்னால் நிற்கிறான். கல் சிங்கம் இரண்டு இருக்கிற பெரிய கட்டடம். உள்ளே போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, கையில் நூலக அட்டைகூட இருக்கிறது. உள்ளே போனால் வழி தவறிவிடுவோம், பெரிய கட்டடம் பழகாதவன் என்று உள்ளே இருக்கிற வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்துவிடும், பரிதாபமாகப் பார்ப்பார்கள் என்று பயம். இன்னொரு நாள் வரலாம், தன் பக்கத்து நூலகத்தில் இருக்கிற எல்லாப் புத்தகமும் படித்த பிறகு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு சினிமாவுக்குப் போய்விடுகிறான்.

ஃபோர்ட்டில் டவுன் ஹால் இருக்கிறதே, ஏஷியாடிக் லைப்ரரி, அந்த வெள்ளைப் படிக்கட்டு. பி.ஏ. படித்த மூன்று வருஷமும் நண்பர்களோடு அங்கே உட்கார்ந்து வடாபாவ் தின்றிருக்கிறேன், போட்டோ எடுத்திருக்கிறேன். தூண்களைத் தாண்டி ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. யாரும் போகாதே என்று சொன்னதும் இல்லை. செருப்பைப் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான். இதை அசைன்மென்ட்டில் எழுதலாமா சார்?

செம்பூர் வாத்தியார் (வெள்ளி, காலை 6.00)

எழுதலாம். நாலு வரி, அதற்கு மேல் வேண்டாம். உங்கள் கதை நாவலைத் திறக்கிற சாவியாக இருக்கட்டும், சாவியையே அரைப் பக்கம் வர்ணிக்காதீர்கள். அந்த நூலகக் காட்சியில் பலகை எதுவும் இல்லை என்பதைக் கவனித்தீர்கள் பாருங்கள், அதுதான் நுணுக்கம். தெற்கே கறுப்பர்களைப் பிரித்து வைக்கச் சட்டமே இருந்தது, 1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'தனித்தனி, ஆனால் சமம்' என்று அதை ஆமோதித்தும் விட்டது. கறுப்புச் சிப்பாய் ஒருவனைக் கொன்று போட்ட நாளில் கேப்ரியேல் தெருவில் ராயலைப் பார்த்து, பத்திரமாக வீட்டுக்குப் போ என்று மட்டும் சொல்கிற இடம் அந்தத் தெற்கில் நடப்பது. அந்தச் சட்டத்திலிருந்து தப்பித்துத்தான் வடக்கே வந்தார்கள், 1910-லிருந்து 1970-க்குள் சுமார் 60 லட்சம் பேர். ஹார்லெமில் நூலகத்துக்குப் போகாதே என்று பலகை இல்லை. ஜான் அந்தப் பலகையை மனதுக்குள் மாட்டிக்கொண்டு வளர்ந்திருக்கிறான்.

நாகு கேட்ட சாதி-நிறம் விஷயம். இரண்டும் ஒன்று என்று எழுதினால் தப்புதான், நாகு சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டவர்கள் சும்மா ஆட்கள் இல்லை. 1946-ல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. தூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி கேட்டு. 1972-ல் இதே மும்பையில் தலித் பேந்தர்ஸ் ஆரம்பித்தார்கள், பெயரே அமெரிக்கக் கறுப்பர் இயக்கமான பிளாக் பேந்தர்களிடமிருந்து வந்தது. இதில் ஏதாவது ஒன்றை ஒரு வாக்கியத்தில் தொட்டுவிட்டு நாவலுக்குத் திரும்பிவிடுங்கள்.

பால்ட்வின் 17 வயதில் பிரசங்க மேடையை விட்டார், உண்மை. ஆனால் இந்த நாவலை எழுதி முடிக்கப் பத்து வருஷம் பிடித்தது. 1948-ல் பாரிஸுக்குப் போனபோதும், கடைசியில் சுவிட்சர்லாந்தில் பனி மூடிய ஒரு மலைக் கிராமத்தில் உட்கார்ந்து முடித்தபோதும் அந்தச் சபை கூடவே வந்தது. அங்கே அவர் கறுப்பினப் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் பாட்டு ரிக்கார்டுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டு எழுதினார், தன் ஊர்ப் பேச்சு காதில் விழ வேண்டும் என்று. வாக்கியங்களைப் பாருங்கள், பாதி பைபிள் நடை. சபையை விட்டவர் சபையின் மொழியை விடவில்லை. தன்னை வளர்த்த தகப்பன் 1943-ல் இறந்து அடக்கம் நடந்த நாள் அவருடைய 19-வது பிறந்தநாள், ஹார்லெமில் கலவரம் வேறு. பிறந்தநாளும் தகப்பனும் அவரை எப்படிப் பிடித்து ஆட்டின என்பதற்கு இதைவிட வேண்டாம்.

ஜான் தப்பித்தானா சிக்கினானா என்பதற்கு ஒரு பக்கம் சாய வேண்டாம் என்று நான் சொன்னால் மழுப்பல் மாதிரி இருக்கும். அதனால் சாயுங்கள், ஆனால் அடுத்த பக்கத்தின் மிகப் பலமான வாதத்தையும் நீங்களே எழுதிவிட்டுச் சாயுங்கள். நாகு நேற்று தன் கட்சிக்கு எதிராகத் தானே எழுதினார் பாருங்கள், அந்த மாதிரி. என்னைக் கேட்டால், அவன் தகப்பனிடமிருந்து தப்பித்தான். சபையிலிருந்து இன்னும் இல்லை.

சலோமி_90அடி (வெள்ளி, இரவு 9.30)

சார், அந்தக் கடைசி வரியோடு எனக்குச் சண்டை. தரையிலிருந்து எழுந்தவனுக்கு இனி கேப்ரியேலும் பரிசுத்தவான், ஜானும் பரிசுத்தவான், சரிசமம். சபைக்குள் வந்ததால்தானே தகப்பனை நிமிர்ந்து பார்க்க முடிந்தது? ஒன்றிலிருந்து தப்பிக்க இன்னொன்று வேண்டியிருந்தது. ஆனால் ராஜா பையனைக் குழப்ப வேண்டாம், நாம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

ராஜா, ஒரு சந்தேகம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஜான் தன் பாவம் என்று எதை நினைத்து இப்படி நடுங்குகிறான் என்று கேட்டால் கைடுகள் தாண்டிப் போய்விடும். எலைஷா மேல் அவனுக்கு இருக்கிற, அவனுக்கே பெயர் தெரியாத பிரியமும் அந்தப் பயத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் உளவியல் என்ற வார்த்தை சும்மா நிற்கும். கூச்சப்படாமல் ஒரு பத்தி எழுதுங்கள்.

அன்டாப்ஹில் ராஜா (அடுத்த புதன், இரவு 11.15)

எழுதி முடித்துவிட்டேன். கம்பளத்தில் ஆரம்பித்து நூலகத்துக்குப் போய், ரிச்சர்ட், ஃப்ளாரன்ஸ் வழியாகக் களத்தில் முடித்திருக்கிறேன். ஜான் பாதி தப்பித்தான் என்று எழுதினேன், எந்தப் பாதி என்றும் எழுதியிருக்கிறேன். பிரச்சினை என்னவென்றால் 2,900 சொல் வந்துவிட்டது. நாளை மறுநாள் கடைசி நாள். எதை வெட்ட?

செம்பூர் வாத்தியார் (வியாழன், காலை 5.50)

ஆரம்பத்தில் ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பு ஒன்றரைப் பக்கம் இருக்குமே, அதை.

அன்டாப்ஹில் ராஜா (வியாழன், காலை 7.20)

இருக்கிறது சார். வெட்டிவிட்டேன். இன்னும் முன்னூறு சொல் கூடுதல்.

முலுண்ட் வசந்தி (வியாழன், காலை 7.45)

கேப்ரியேலைக் குறை. ஃப்ளாரன்ஸ் மேல் கை வைக்காதே.